மடங்காத முழங்காலும் போகாமல் விட்ட இரண்டு வீடுகளும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும்.

வேளச்சேரியில் இருக்கிறீர்கள், வயது 29. கல்லூரி நாளிலிருந்து சேர்ந்து மலையேறும் நான்கு நண்பர்கள். போன நவம்பரில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மலையில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. இரண்டு பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவர்களைப் பிடிக்கப் போய்ப் பாறையில் விழுந்து உங்களுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்து நான்கு மாதம் ஆகிறது. எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, முழு எடை போட்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் முழங்கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. "பயிற்சி செய்ய உட்கார்ந்தாலே மனசு வரமாட்டேங்குது அக்கா. அழுகையும் வரலை. கால் எப்போ சரியாகும்? மறுபடி மலை ஏற முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாக ஒரு வரி: "அவங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நான் இன்னும் போகலை."

நான் 26 வருடமாகச் சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எலும்பு முறிந்து வந்தவர்களோடுதான் பெரும்பாலான நாட்கள் கழிந்திருக்கின்றன. நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வழி அந்தக் கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே போவதற்கு முன் காலைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

தொடை எலும்பின் நடுப்பகுதி முறிந்து ராடு வைத்தால், எலும்பு முழுதாகக் கூடப் பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகும். நான்காம் மாதத்தில் முழு எடை போடலாம் என்று டாக்டர் சொன்னால் எலும்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொல்லை தசையிலும் மூட்டிலும்தான். படுத்த சில நாட்களிலேயே தொடையின் முன்தசை இளைக்கத் தொடங்கிவிடும். இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள், அடிபட்ட பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முழங்கால் மூட்டில் முறிவே இல்லாவிட்டாலும், மடக்காமல் வைத்திருந்தால் தசை எலும்போடும் சுற்றியுள்ள சவ்வோடும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு நாளாக ஆக இறுகும். நாற்காலியில் உட்காரவும் படி ஏறவும் சுமார் 90 டிகிரி வேண்டும். சம்மணம் போடவும் குந்தி உட்காரவும் 120-க்கு மேல் வேண்டும். உங்களுக்கு இருப்பது 70. இந்த நான்காவது ஐந்தாவது மாதத்தை விட்டால் பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும், சிலருக்கு ஒட்டை விடுவிக்கத் தனி ஆபரேஷனே தேவைப்படும். பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போது தினமும் செய்தால் வரக்கூடிய மடக்கம் இது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி 10 எண்ணும்வரை பிடியுங்கள். கட்டிலில் படுத்துக் குதிகாலை இடுப்பை நோக்கி இழுங்கள். பிறகு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை அடிபட்ட காலின் முன்னால் குறுக்கே போட்டு மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். வலி கொஞ்சம் இருக்கும். நிறுத்திய அரை மணி நேரத்தில் அது தணிந்துவிட்டால் அளவு சரி. அடுத்த நாள் காலைவரை மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அதிகம் செய்துவிட்டீர்கள். ஒரே தடவையில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, நாளுக்கு ஐந்து தடவை பத்துப் பத்து நிமிடம் நல்லது. வீட்டுக்கு வரும் பிசியோவுக்குக் காசு கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் குடியுங்கள், அவர்களுக்கு அது ஆறுதல். எலும்புக்குத் தேவையான புரதமும் கால்சியமும் முட்டை, சுண்டல், மீன், தயிர், கேழ்வரகு இவற்றில்தான் கூடுதல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு கூடும்வரையாவது நிறுத்துங்கள், அது கூடுவதைத் தாமதப்படுத்தும். எண்ணெய் போட்டு முழங்காலை அழுத்தி மடக்கிவிடும் ஆளைக் கூட்டிவருவதாக உங்கள் பெரியப்பா சொன்னாராம். மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விறைத்த மூட்டை இன்னொருவர் பலவந்தமாக மடக்கினால் தசை கிழிந்து, அதற்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடுசதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் இடத்தில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளில் எழுதியிருக்கும். தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை என்பதுதான் கேள்வி.

விபத்தில் தனியாக அடிபட்டு வருபவர்கள் வலி என்று கத்துவார்கள், என்னைத் திட்டுவார்கள், அப்புறம் மடக்குவார்கள். அதே விபத்தில் கூட வந்தவரைப் பறிகொடுத்துவிட்டு வருபவர்கள் அப்படி இல்லை. மடக்கச் சொன்னால் தலையாட்டுவார்கள், எதிர்ப்பே இருக்காது. அடுத்த நாள் பார்த்தால் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சோம்பல் என்று நினைத்தேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவர்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது. தம்பியும் அவரும் கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தார்களாம். தம்பி போய்விட்டார். ஆறு மாதம் ஆகியும் இவர் வாக்கரை விடவில்லை. எலும்பு கூடிவிட்டது, தசையில் குறை இல்லை, ஆனாலும் காலை ஊன்றவில்லை. ஒரு நாள் நான் கோபமாகக் கேட்டபோது சொன்னார்: "நான் நல்லா நடந்து போனா, அவன் பொண்டாட்டி என்னைப் பாத்து என்ன நினைக்கும்மா?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் வருடம் நெருங்கியபோது அவரே வந்தார். குப்பத்தில் எல்லோரும் கடலில் பால் ஊற்றப் போகிறார்கள், தம்பி மனைவி "மாமா, நீங்கதான் முன்னால நிக்கணும்" என்று கேட்டிருக்கிறார். மணலில் வாக்கர் புதையும். அதனால் ஊன்றுகோலோடு மணலில் நடக்க வேண்டும். ஏழு வாரம் இருந்தது. ஆறு மாதம் செய்யாததையெல்லாம் அந்த ஏழு வாரத்தில் செய்தார். வாரம் இரண்டு தடவை காலையில் கடற்கரைக்கே போய் நடக்கப் பழகினோம். டிசம்பர் 26 அன்று ஒரு கையில் கோலும் ஒரு கையில் பால் சொம்புமாகத் தண்ணீர் வரை நடந்து போனார்.

உங்களுக்கும் அதே பூட்டுதான் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கால் சரியானால் அந்த இருவரையும் அந்த ஓடையிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் நடந்து வந்துவிட்டது போல ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஏதோ தடுக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அவர்களை எடுத்த அன்று நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தீர்கள். ஒருவருடைய பதினாறாம் நாள் காரியத்தின்போது கட்டிலில் இருந்தீர்கள். இன்னொருவரை ராயபுரத்தில் அடக்கம் செய்தபோது உங்களுக்கு யாரும் சொல்லக்கூட இல்லை, உடம்பு தேறட்டும் என்று மூன்று நாள் மறைத்திருக்கிறார்கள். முகம் பார்க்கவில்லை, தோள் கொடுக்கவில்லை, மண் போடவில்லை. நம் ஊரில் இத்தனை சடங்கு எதற்கு என்று நானும் இளவயதில் கேட்டிருக்கிறேன். துக்கத்தைக் கை கால் வழியாக வெளியே எடுக்க அவை ஒரு வழி. அந்த வழி உங்களுக்குக் கிடைக்கவில்லை. அழுகை வரவில்லை என்பதில் எனக்கு வியப்பே இல்லை, அழுவதற்கான இடத்துக்கு நீங்கள் இன்னும் போகவே இல்லை.

அதனால் போக வேண்டும். பெரம்பூரில் இருக்கும் நண்பர் வீடு லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டில் மூன்றாவது மாடி என்று எழுதியிருந்தீர்கள். அதையே உங்கள் பயிற்சியின் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு 18 படி என்றால் 54 படி. அதற்கு முழங்கால் 90 டிகிரி மடங்க வேண்டும்.

உங்களைத் தின்னும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டாமல் போக முடியாது. "அந்த இடத்துல கடக்கலாம்னு சொன்னது நான்தான்." உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடையைக் கடக்க முடிவெடுத்தது பிழையான முடிவு. அதை நான்கு பேரும் சேர்ந்து எடுத்தீர்கள், நீங்கள் வாய்விட்டுச் சொன்னீர்கள். அந்த அளவுக்கு அது உங்களுடையது, ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மேலே எங்கேயோ கொட்டிய மழை, கீழே வெயில் அடிக்கும்போதும் ஓடையில் இறங்கி வரும். தண்ணீர் கலங்குவதும் சருகும் குச்சியும் மிதந்து வருவதும்தான் அறிகுறி, அதற்கும் வெள்ளத்துக்கும் நடுவே சில நிமிடம்தான் கிடைக்கும். இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அன்று காலை பத்தரை மணிக்கு இருந்த உங்கள் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு தண்டனை கொடுக்கிறீர்கள்.

"கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா பிடிச்சிருக்கலாம்" என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்குக் கணக்காகவே பதில் உண்டு. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமான ஓட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீரே வளர்ந்த ஆளைக் கவிழ்த்துவிடும். அன்று இடுப்பளவு வந்தது என்கிறீர்கள். பிடித்திருந்தால் மூன்று பேராகப் போயிருப்பீர்கள்.

சரி, அந்த வீட்டுக்கு எப்படிப் போவது? முதலில் நீங்களே போன் செய்ய வேண்டாம். உங்கள் அப்பாவோ, அந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரோ பேசி, வரலாமா என்று கேட்கட்டும். சில வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்க வரக் கூடாது என்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளட்டும். நான்கு மாதம் கழித்துப் போவதா என்று கூச்சப்படாதீர்கள். காரியத்துக்கு வந்த கூட்டம் இரண்டாவது வாரத்தோடு நின்றிருக்கும். நான்காம் மாதத்தில் அந்த வீட்டுக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள். பையனின் பெயரைச் சொல்ல ஆள் இல்லாமல் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார்கள்.

போனால் என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு போகாதீர்கள், முக்கியமாக உங்கள் பக்க நியாயத்தைக் கொண்டு போகாதீர்கள். உட்காருங்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். பெற்றவர்கள் பெரும்பாலும் கேட்பது சின்னச் சின்ன விஷயம்தான். காலையில் என்ன சாப்பிட்டான், சிரிச்சுப் பேசினானா, பயந்தானா. தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வேகமாக முடிந்துவிட்டது என்பது உண்மையானால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதைக் கேட்காமல் தாயால் தூங்க முடியாது. அன்று காலை எடுத்த போட்டோக்கள் உங்கள் போனில் இருக்கும். அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நல்லதாக இரண்டு மூன்றைப் பிரின்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொண்டு போய், பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கடைசி நாளின் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அது அவர்களுக்கும் சேர வேண்டியது.

அந்த அம்மா "உன்னாலதான்டா" என்று கேட்டுவிடலாம். கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள். உங்கள் காலைப் பார்த்ததும் கட்டிப் பிடித்து அழுதுவிடவும் கூடும். இரண்டும் ஒரே மணி நேரத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் அதை மதித்து, கையால் ஒரு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த முறை தெரியும். ராயபுரத்து நண்பருக்குக் கல்லறை இருக்கிறது. அங்கே போக யாருடைய அனுமதியும் வேண்டாம், நவம்பர் 2 கல்லறைத் திருநாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெரம்பூர் நண்பரின் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள் என்றீர்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் போட்ட மரப்பாதையில் வாக்கரோடு கடலுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

நான்காவது நண்பரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருந்தீர்கள். கீறல்கூட இல்லாமல் தப்பினார், இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று. அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உங்களுக்கு ஆபரேஷன் ஆனது, ஊர் வந்து பார்த்தது. அவருக்குக் கட்டுக்கூட இல்லை, அதனால் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். அன்று நடந்தது முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் நீங்கள் இரண்டு பேர்தான். இன்றைக்கே கூப்பிடுங்கள். பேசப் பயமாக இருந்தால் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலையில் வரச் சொல்லுங்கள். பாதை சமதளம், உட்காரப் பெஞ்சு இருக்கிறது, உங்கள் நடைப் பயிற்சியும் ஆகும். முதல் நாள் ஒன்றும் பேசாமலே திரும்பினாலும் பரவாயில்லை. நால்வர் வாட்ஸ்அப் குழுவை அழிக்க வேண்டாம், தினமும் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி. பாத்ரூமில் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டால் உடம்பு உறைந்துபோகிறது, இரவு இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறேன் என்கிறீர்கள். விபத்துக்குப் பிறகு முதல் சில வாரம் இது பலருக்கும் இருக்கும். ஒரு மாதத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. இது என் துறை கிடையாது, மனநல மருத்துவரிடம் போங்கள். அந்த நினைவைப் பாதுகாப்பாகத் திரும்ப எடுத்துப் பேசிப் பழக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, கண் அசைவைக் கொண்டு செய்யும் ஈ.எம்.டி.ஆர் என்று ஒன்றும் உண்டு, இவற்றால் பலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். அந்தப் பெயரைக் கேட்டு வீட்டில் முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள். பெரியப்பா தரும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். அது பழக்கமாகிவிடும், இந்த வகைப் பதற்றத்தைத் தீர்க்கவும் செய்யாது, இரவில் வாக்கரோடு எழுந்து விழவும் வைக்கும்.

"நானும் அவங்ககூடப் போயிருக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். நேராகவே கேட்கிறேன், உயிரை விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறதா? ஒரு தடவை தோன்றினாலும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. 1986-லிருந்து இதற்காகவே சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பும் இருக்கிறது. அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

உறவினர்கள் "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்பது பற்றி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பலர் சென்னையிலிருந்து போன இளம்பெண்கள். அப்போதும் ஊர் இதையேதான் கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது, 2024 அக்டோபரில் வனத்துறையே வழிகாட்டிகளோடு 40 பாதைகளை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று திறந்தது. பாதுகாப்பு என்பது அனுமதி, வழிகாட்டி, பருவம் இவற்றைப் பொறுத்தது. மலையை விரும்பியதே குற்றம் என்று யாரும் உங்களை நம்பவைக்க வேண்டாம், இறந்த இருவரும் அதை விரும்பித்தான் வந்தார்கள்.

மறுபடி ஏற முடியுமா? காலால் முடியும் என்றே நினைக்கிறேன். எலும்பு முழுதாகக் கூடி, இரண்டு தொடையின் சுற்றளவும் கிட்டத்தட்ட சமமாகி, அடிபட்ட காலில் மட்டும் நின்று பத்துத் தடவை பாதி குந்தி எழ முடிந்த பிறகு பார்க்கலாம். ஒரு வருடம் ஆகலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசைக்குப் பாரம், அதனால் பரங்கிமலைப் படிகளில் இறங்கிப் பழகிவிட்டுத்தான் பெரிய மலை. மனசு வருமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். வராமலே போனாலும் அதில் குறை ஒன்றுமில்லை.

இப்போதைக்கு 54 படி. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படியில் தொடங்குங்கள், 90 டிகிரி வரும்வரை கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு அடிபட்ட கால், அதோடு ஊன்றுகோல். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில், பிறகு நல்ல கால். கோலை எப்போதும் இடது கையில் பிடியுங்கள், உங்களுக்கு அடிபட்டது வலது கால். பெரம்பூரில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நிமிடம் நில்லுங்கள், அப்பா ஏறும்போது உங்களுக்கு ஒரு படி பின்னாலும் இறங்கும்போது ஒரு படி முன்னாலும் வரட்டும். போகும் தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், அதற்குள் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதையும் சேர்த்து.